மேட்டை நோக்கியா, காற்றை நோக்கியா?

மதுரை விமான நிலையத்துக்கு யாரையாவது வழியனுப்பப் போனவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். சென்னை இருப்பது வடக்கே. ஆனால் சென்னை விமானம் ஆடி மாதத்தில் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஓடி எழும்புகிறது. கார்த்திகையில் கிழக்கு நோக்கி எழும்புகிறது. இருப்பது ஒரே ஓடுபாதை. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் பெரிதாக எழுதியிருப்பார்கள். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் 90 பாகை திரும்பினால் கிழக்கு, 270 பாகை திரும்பினால் மேற்கு. கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். எந்த முனையிலிருந்து ஓடுவது என்று முடிவு செய்வது, போக வேண்டிய ஊர் எங்கே இருக்கிறது என்பதைவிட, அன்றைய காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

மதுரை ஓடுபாதை இரண்டேகால் கிலோமீட்டர் நீளம். நல்ல தார்ப்பாதை, கிட்டத்தட்டச் சமதளம். அங்கே காற்றை மட்டும் பார்த்தால் போதும். உலகின் பல மூலைகளில் அந்த வசதி இல்லை. மலையடிவாரத்திலோ மலைச்சரிவிலோ கிடைத்த நிலத்தைச் சுத்தம் செய்து, கல் பொறுக்கி, அறுநூறு மீட்டருக்கு ஒரு மண்பாதை போட்டிருப்பார்கள். ஒரு முனை மேடு, மறுமுனை பள்ளம். பள்ளத்தை நோக்கி ஓடினால் சரிவு உதவும். ஆனால் அன்றைக்குக் காற்று மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தால்?

சைக்கிள் மிதிப்பவருக்கு இதில் குழப்பமே இல்லை. இறக்கமும் வேண்டும், காற்று முதுகைத் தள்ளவும் வேண்டும். விமானிக்கு வேண்டியது இறக்கமும் எதிர்க்காற்றும். இரண்டும் ஒரே பக்கம் அமைந்தால் பாக்கியம். அமையாத நாளில் எதை விட்டு எதைப் பிடிப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

காற்றை எதிர்த்து ஓடுவது ஏன்

விமானத்தைத் தூக்குவது இறக்கை. இறக்கைக்குத் தரையைப் பற்றி எதுவும் தெரியாது. தன்மேல் காற்று என்ன வேகத்தில் பாய்கிறது என்பது மட்டுமே தெரியும். ஆகவே விமானிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. சக்கரம் தரையில் உருளும் வேகம் தரைவேகம். இறக்கைமேல் காற்று பாயும் வேகம் காற்றுவேகம்.

நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாம் சேர்த்து எடை 1,100 கிலோ. காற்றுவேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டினால் சக்கரம் தரையை விடும். எதிரே 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், நின்ற இடத்திலேயே இறக்கைக்கு 18 கிடைத்துவிட்டது. தரையில் 82 ஓடினால் போதும். அதே காற்று பின்னாலிருந்து அடித்தால் முதல் 18 வெறுமனே அந்தக் காற்றை எட்டிப் பிடிக்கவே செலவாகும்; தரையில் 118 ஓட வேண்டும்.

82க்கும் 118க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது. ஒரே சீராக வேகம் கூட்டும் வண்டி, வேகத்தை இரண்டு மடங்காக்க நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். மூன்று மடங்காக்க ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கில், காற்றில்லாத நாளில் 100 மீட்டர் ஓட்டம் தேவைப்படும் இடத்தில், எதிர்க்காற்றில் 67 மீட்டர் போதும். பின்காற்றில் 139 மீட்டர் வேண்டும். ஒரே காற்று உதவும்போது 33 கொடுக்கிறது, கெடுக்கும்போது 39 பறிக்கிறது.

விமானம் செய்பவர்கள் இந்த ஏற்றத்தாழ்வை இன்னும் கண்டிப்பாக எழுதிவைக்கிறார்கள். செஸ்னா 172 என்பது உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட சிறுவிமானம். அதன் கையேட்டில், எதிர்க்காற்று 9 நாட் இருந்தால் ஓட்டத் தூரத்தில் 10 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்றும், பின்காற்று என்றால் ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். காற்று நிலையாக அடிப்பதில்லை. வரும், ஓயும், திடீரென்று மறுபடி வரும். வரவைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் கணக்கெழுதுவது அதனால்தான்.

சரிவின் கைம்மாறு

சரிவைச் சதவீதத்தில் சொல்வார்கள். 100 மீட்டர் போவதற்குள் 2 மீட்டர் இறங்கினால் 2 சதவீதச் சரிவு. கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தூரத்தில் மலை இருந்தால் கண் இன்னும் ஏமாறும். மலையை வைத்து நிலத்தை அளக்கப் பார்க்கும் மூளை, இறக்கத்தைச் சமதளம் என்றுகூடச் சொல்லிவிடும். அதனால் அளந்து பார்ப்பதுதான் முறை. பெரிய கருவி வேண்டாம். நம் கொத்தனார்கள் வீட்டு அஸ்திவாரத்துக்குப் பிடிக்கும் டியூப் லெவலே போதும். கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பத்து மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி நட்டு, குழாயில் நீர்மட்டம் நிற்கும் இடத்தைக் குச்சியில் குறித்துக்கொண்டே போக வேண்டும். மேட்டுக் குச்சியில் கோடு தரைக்குப் பக்கத்தில் விழும், பள்ளத்துக் குச்சியில் உயரத்தில் விழும். இரண்டு உயரங்களின் வித்தியாசம்தான் அந்தப் பத்து மீட்டரின் சரிவு.

பத்து பத்து மீட்டராக அளப்பதில் இன்னொரு ஆதாயம் உண்டு. மொத்தச் சரிவு 2 சதவீதம் என்று தெரிந்தால் போதாது; அது எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். முதல் பாதி தட்டையாகவும் பின்பாதி செங்குத்தாகவும் இருந்தால், பாதியிலேயே எழும்பிவிடும் விமானத்துக்கு அந்தச் சரிவால் பயனில்லை.

2 சதவீத இறக்கம் விமானத்தின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கை முன்னோக்கி இழுக்கும் விசையாக மாற்றித் தருகிறது. நம் 1,100 கிலோ விமானத்துக்கு அது 22 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. மேட்டை நோக்கி ஓடினால் அதே 22 கிலோ பின்னால் இழுக்கும். சின்ன விசை, ஆனால் ஓட்டம் முழுவதும் விடாமல் இருக்கும் விசை.

சர்வதேச விதிமுறையும் இந்த 2 சதவீதத்தில்தான் வந்து நிற்கிறது. சிறு ஓடுபாதைகளின் மொத்தச் சரிவு 2 சதவீதத்துக்குள்ளும், பெரிய விமானங்கள் இறங்கும் நீண்ட பாதைகளுடையது 1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. மலைநாட்டு மண்பாதைகள் பல இந்த வரம்புக்கு வெளியே இருப்பவை. பப்புவா நியூகினி மலைக்கிராமங்களில் 10 சதவீதத்தைத் தாண்டும் சரிவுகளில் இன்றும் சிறுவிமானங்கள் ஏறி இறங்குகின்றன. நோயாளியும் அரிசியும் பள்ளிப் புத்தகமும் அந்தப் பாதைகள் வழியாகத்தான் போய்வருகின்றன.

காந்திகிராமத்தில் ஒரு கணக்கு

இனி ஒரு பாதையைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். இடம் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய கிராமப்பணி நிறுவனம் வளர்ந்து, இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் ஊர். திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் அம்பாத்துரை, சின்னாளபட்டிப் பக்கம். கிழக்கே சிறுமலை எழுந்து நிற்கிறது. மேற்கே ஆத்தூர்ப் பக்கம் சமவெளி விரிந்து, அதற்கப்பால் பழனிமலைத் தொடர் தெரியும். மலையடிவாரத்திலிருந்து நிலம் மேற்கே மெல்லச் சரியும்.

இங்கே கிழக்கு மேற்காக 600 மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்மண் பாதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிழக்கு முனை மேடு, மேற்கு முனை பள்ளம், சரிவு 2 சதவீதம். அதாவது இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 12 மீட்டர்.

காய்ந்த, கெட்டியான மண்ணில், சமதளத்தில், நம் விமானம் ஒவ்வொரு வினாடியும் மணிக்கு 4.7 கிலோமீட்டர் வேகம் கூட்டுவதாகக் கொள்வோம். இப்படி வினாடிக்கு வினாடி வேகம் கூடுவதை முடுக்கம் என்கிறோம். அந்த 22 கிலோ இழுப்பைச் சேர்த்தால் இறக்கத்தில் இந்த 4.7 என்பது 5.4 ஆகும், ஏற்றத்தில் 4.0 ஆகும்.

முதலில் காற்றில்லாத விடியற்காலை. மேற்கே, இறக்கத்தில் ஓடினால் 18 வினாடி சொச்சத்தில் 100-ஐ எட்டலாம். ஓட்டம் சுமார் 255 மீட்டர். கிழக்கே, ஏற்றத்தில் ஓடினால் 25 வினாடி, 350 மீட்டர். யோசிக்க ஒன்றுமில்லை, இறக்கம்தான்.

அடுத்து ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து கிழக்கே பாயும் காலம். காந்திகிராமத்தில் மேற்கிலிருந்து 18 கிலோமீட்டர் காற்று என்று வைப்போம்; ஆடிக்கு அது மிதமான கணக்கு. மேற்கே ஓடினால் இறக்கமும் உதவுகிறது, எதிர்க்காற்றும் உதவுகிறது. 15 வினாடியில், 175 மீட்டருக்குள் விமானம் மேலே. பாதையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. தெரியாத்தனமாக மறுமுனையிலிருந்து கிளம்பியவர் ஏற்றத்தில் பின்காற்றோடு 485 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். ஒரே விமானம், ஒரே பாதை, ஒரே நாள். திசை மட்டும்தான் வேறு.

சிக்கல் கார்த்திகையில். வடகிழக்குப் பருவக்காற்று சிறுமலைப் பக்கத்திலிருந்து இறங்குகிறது. அதே 18 கிலோமீட்டர் என்றே கொள்வோம். இப்போது இறக்கம் ஒரு பக்கம், எதிர்க்காற்று இன்னொரு பக்கம்.

மேட்டை நோக்கி, எதிர்க்காற்றில்: தரையில் 82 வேண்டும், வினாடிக்கு 4.0 கூடுகிறது. சுமார் 21 வினாடி. பள்ளத்தை நோக்கி, பின்காற்றில்: தரையில் 118 வேண்டும், வினாடிக்கு 5.4 கூடுகிறது. சுமார் 22 வினாடி. இரண்டுக்கும் ஒரே நேரம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் விமானம் அந்த 21 வினாடியில் சராசரியாக 41 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. இரண்டாவது 22 வினாடியில் சராசரியாக 59 வேகத்தில் போயிருக்கிறது. முன்னதற்கு 235 மீட்டர். பின்னதற்கு 360 மீட்டர். கடிகாரத்தை நம்பியவர் ஏமாந்துபோவார். செலவாவது பாதை, பாதையை மீட்டரில்தான் அளக்க வேண்டும்.

எந்தக் காற்றில் தராசு சாயும்

காற்றில்லாதபோது இறக்கம் வெல்கிறது. 18 கிலோமீட்டரில் எதிர்க்காற்று வெல்கிறது. நடுவில் எங்கோ இரண்டும் சமமாக வேண்டும். அந்தக் காற்றைச் சமன்காற்று என்று அழைக்கலாம். நம் விமானத்துக்கு, 2 சதவீதச் சரிவில், சமன்காற்று மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். அதற்குக் கீழே இறக்கத்தில் ஓடினால் தூரம் குறைவு. அதற்கு மேலே எதிர்க்காற்றில் ஓடினால் குறைவு.

8 கிலோமீட்டர் என்பது இலைகளைச் சலசலக்க வைக்கும் காற்று, அவ்வளவுதான். ஆகவே 2 சதவீதச் சரிவில் காற்றின் கை சுலபமாக ஓங்கிவிடும். சரிவைக் கூட்டிப் பாருங்கள். 5 சதவீதம் என்றால் சமன்காற்று 20 கிலோமீட்டர். 10 சதவீதம் என்றால் 45. சிறு சரிவுகளில் ஒரு சதவீதத்துக்கு 4 கிலோமீட்டர் காற்று என்று மனதில் வைத்துக்கொண்டால் இந்த விமானத்துக்குச் சரியாக வரும். சரிவு கூடக் கூட அந்தக் கணக்கையும் தாண்டி எகிறும், ஏனென்றால் ஏற்றம் எஞ்சினுக்கு மிச்சம் வைக்கும் பலமே கரைந்துகொண்டு வருகிறது.

அது கிட்டத்தட்ட முழுவதுமாகக் கரைந்த இடம் ஒன்று நேபாளத்தில் இருக்கிறது. எவரெஸ்ட் ஏறப் போகிறவர்கள் வந்து இறங்கும் லுக்லா. 1964-ல் எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியில் ஷெர்ப்பாக்கள் சேர்ந்து போட்ட பாதை. மண்ணைக் கெட்டிப்படுத்த அவர்களைக் கால் தட்டி நடனமாடச் சொன்னார் ஹிலாரி என்று சொல்வார்கள். 2001 வரை அங்கே தார் இல்லை. நீளம் 527 மீட்டர், சரிவு 11.7 சதவீதம், இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 60 மீட்டருக்கும் மேல். மேல்முனையில் மலை, கீழ்முனையில் பள்ளத்தாக்கு.

நம் விமானத்தை லுக்லாவில் மேட்டை நோக்கி ஓடவிட்டால், வினாடிக்கு அரை கிலோமீட்டர் அளவுக்குத்தான் வேகம் கூடும். 100-ஐ எட்ட மூன்று நிமிடமும் இரண்டரை கிலோமீட்டர் பாதையும் வேண்டும். 2,800 மீட்டருக்கு மேலுள்ள அதன் மெல்லிய காற்றைக் கணக்கில் சேர்க்காமலே இந்த நிலை. பள்ளத்தை நோக்கி ஓடினாலோ 160 மீட்டர் போதும். 39 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். லுக்லா பாதை 60 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. உராய்வே இல்லை என்று கொண்டால், எஞ்சினை முடுக்காமல் மேலிருந்து உருட்டிவிட்ட வண்டியும் கீழ்முனையில் 120-ஐத் தாண்டியிருக்கும். அதனால் அங்கே காற்று எப்படி இருந்தாலும் கிளம்புவது கீழ்நோக்கி, இறங்குவது மேல்நோக்கி. பின்காற்று அளவு மீறினால் திசையை மாற்றுவதில்லை, பறப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டு பக்கமும் மேடாகும் மண்

இதுவரை மண் காய்ந்திருப்பதாகவே பார்த்தோம். திண்டுக்கல் சமவெளியில் வடகிழக்குக் காற்று தனியாக வருவதில்லை, மழையோடு வருகிறது. ஊறிய செம்மண்ணில் சக்கரம் அழுந்தும். அழுந்திய சக்கரம் ஒவ்வொரு அங்குலமும் தனக்கு முன்னால் உள்ள மண்ணை நசுக்கி ஏறித்தான் நகர முடியும். இந்த உருள்தடை விமான எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு கூடினால், அது பாதையை 3 சதவீத ஏற்றமாக மாற்றியதற்குச் சமம். நிஜ ஏற்றத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு, திரும்பி ஓடினால் இறக்கமாகிவிடும். ஈர மண்ணுக்கு மறுபக்கம் இல்லை. எந்தப் பக்கம் ஓடினாலும் ஏற்றம்.

கார்த்திகைக் கணக்கில் இதைச் சேர்ப்போம். மேட்டை நோக்கி எதிர்க்காற்றில் 235 மீட்டர் இருந்தது 320 ஆகிறது. பள்ளத்தை நோக்கிப் பின்காற்றில் 360 இருந்தது 450 ஆகிறது. பாதை 600 மீட்டர்தான்.

இந்தியாவின் விமானப் போக்குவரத்து மண்ணில் பிறந்தது என்பதால் இந்தத் தொல்லை நமக்குப் புதிதில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு புஸ் மாத் என்ற சிறுவிமானத்தை ஓட்டிவந்து இறங்கியது, பம்பாயின் ஜுஹு சேற்றுவெளியில். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மழைக்காலத்தில் ஜுஹு தண்ணீரில் மூழ்கிவிடும். அந்த மாதங்களில் புனேவுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஓடுபாதைக்குச் சிறிது சரிவு இருப்பது தண்ணீர் வடிய நல்லது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜுஹுவுக்கு அந்தச் சரிவு இல்லை.

பாதை முடிந்த பிறகு

மீட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் கார்த்திகையில் விமானி மேட்டை நோக்கி ஓட வேண்டும். 450-க்குப் பதில் 320. அதைத்தான் செய்யப் போகிறாரா? கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் அவர் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும்.

காந்திகிராமம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். சிறுமலையின் உச்சிகள் ஆயிரம் மீட்டரைத் தாண்டுபவை. பாதை முனையிலிருந்து முகடு ஐந்து கிலோமீட்டர் என்று வைப்போம். நம் விமானம் நிமிடத்துக்கு 180 மீட்டர் ஏறும், அப்போது அதன் காற்றுவேகம் 140. எதிர்க்காற்று 18 போக, தரைமேல் 122. ஒரு கிலோமீட்டர் முன்னேறுவதற்குள் 90 மீட்டர் ஏறுகிறது. ஐந்து கிலோமீட்டரில் 450 மீட்டர். தேவை 700-க்கும் மேல். நேராகப் போனால் மலைதான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. என் பார்வையில் இந்த விஷயம் முழுவதிலும் மிக அபாயமானது இதுதான். வடகிழக்கிலிருந்து வரும் காற்று சிறுமலையில் ஏறி, முகடு தாண்டி, இந்தப் பக்கம் இறங்குகிறது. மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் காற்று கீழ்நோக்கிப் பாயும். அதுவும் சுழன்று, குலுங்கிப் பாயும். வினாடிக்கு ஒரு மீட்டர் கீழ்நோக்கிப் பாய்ந்தாலே நிமிடத்துக்கு 60 மீட்டர் போய்விட்டது. 180-ல் 120 தான் மிச்சம். வினாடிக்கு மூன்று மீட்டர் என்றால் எதுவும் மிச்சமில்லை. எஞ்சின் முழு மூச்சில் உறுமிக்கொண்டிருக்க, மூக்கு மேல்நோக்கியிருக்க, விமானம் உயராமல் மலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். அந்த எதிர்க்காற்றுதான் ஓடுபாதையில் இவருக்கு 130 மீட்டர் மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

மேற்கே என்றால் நிலம் விலகி விலகி இறங்குகிறது. பின்காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 70 மீட்டர்தான் ஏறினாலும் எதிரே தடுப்பதற்கு ஒன்றுமில்லை. எஞ்சின் இருமினால் இறங்க வயல்வெளி இருக்கிறது. ஆகவே மண் காய்ந்திருந்தால், இதே 18 கிலோமீட்டர் காற்றில், மீட்டர் கணக்குக்கு மாறாக, நான் இறக்கத்தையே தேர்ந்தெடுப்பேன். 360 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் பாதை.

மண் ஈரம் என்றால்? பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறுவிமான ஓட்டிகளுக்கு ஒரு பாதுகாப்புக் குறிப்பேடு வெளியிட்டிருக்கிறது. எல்லாக் கெடுதல்களையும் கூட்டிய பிறகு வரும் தூரத்தைப்போல 1.33 மடங்கு பாதை இருந்தால் கிளம்புங்கள் என்கிறது அது. 450-ஐ 1.33-ஆல் பெருக்கினால் 598. பாதை 600. தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். அந்தக் குறிப்பேடு சொல்லும் தூரம் விமானம் 15 மீட்டர் உயரம் எட்டும் வரையிலானது. நாம் சக்கரம் தரையை விடும்வரை மட்டுமே கணக்கிட்டோம். இறக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது மனம் மாறி நிறுத்த நினைத்தால், பிரேக்கோடு சரிவும் காற்றும் மல்லுக்கு நிற்கும். ஆகவே ஈர மண்ணில், 18 கிலோமீட்டர் கார்த்திகைக் காற்றில், இந்தப் பாதையின் இரண்டு முனைகளும் மூடப்பட்டவை.

விமானிகளிடையே புழங்கும் இன்னொரு கணக்கும் உண்டு. பாதையில் பாதி தாண்டுவதற்குள் எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எஞ்சினைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். ஏன் 70? பாதித் தூரத்தில் கிடைக்கும் வேகம், முழுத் தூரத்தில் கிடைக்கும் வேகத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் என்பது நாம் பார்த்த அந்த இரண்டு மடங்கு, நான்கு மடங்குக் கணக்கின் மறுமுகம். சமதளப் பாதைக்கு இது நல்ல காவல். சரிவில் கீழ்நோக்கி ஓடுகிறவர் இந்தக் குறியைப் பாதிக்கு முன்னாலேயே நட்டுவைப்பது நல்லது. நிறுத்துவதற்கு அவருக்கு அதிகத் தூரம் வேண்டும்.

மலை சுவாசிக்கும் நேரம்

பருவக்காற்று ஓய்ந்திருக்கும் நாட்களில் மலையடிவாரத்துக்கென்றே ஒரு காற்று உண்டு. வெயில் ஏறியதும் சிறுமலையின் சரிவுகள் சூடாகும். அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறும். அந்த இடத்தை நிரப்பச் சமவெளியிலிருந்து காற்று மலையை நோக்கி நகரும். இது மலையேறு காற்று. இரவில் சரிவு குளிர்ந்து, கனத்த காற்று கீழே வழிந்து வரும். இது மலையிறங்கு காற்று.

நம் பாதைக்கு இது நல்ல ஏற்பாடு. பகலில் மேற்கிலிருந்து மலையை நோக்கிக் காற்று. மேற்கே இறக்கத்தில் ஓடுகிறவருக்கு அது எதிர்க்காற்று. சரிவும் காற்றும் ஒரே பக்கம். விடியற்காலையில் மலையிலிருந்து வழியும் காற்று அவருக்குப் பின்காற்றுதான், ஆனால் பெரும்பாலும் சமன்காற்றான 8 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே அப்போதும் இறக்கமே.

பகலில் காற்று சாதகம் என்றால் மதியத்திலேயே கிளம்பலாமே என்று கேட்கலாம். சித்திரை, வைகாசி வெயில் அதற்குக் குறுக்கே நிற்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், சுழல்விசிறிக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்குள் போகும் காற்றும் குறையும். 38 டிகிரி மதியத்தில், 300 மீட்டர் உயரத்தில் நிற்கும் விமானம், ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் நிற்பதுபோல நடந்துகொள்ளும். காந்திகிராமத்தில் நிறுத்திய விமானத்தைச் சிறுமலைக்கு மேல் ஏற்றிவைத்துக் கிளப்புவதற்கு ஒப்பானது அது. பத்து டிகிரி கூடினால் தூரத்தில் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அந்தக் குறிப்பேடு. காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் உள்ள வித்தியாசம், இங்கே அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

மூட்டையை இறக்கிவைத்தல்

காற்றை மாற்ற முடியாது, சரிவை மாற்ற முடியாது, நனைந்த மண்ணை அன்றைக்குள் காயவைக்கவும் முடியாது. விமானியின் கையில் உள்ளவை இரண்டு: நேரம், எடை. எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம் கூடும் என்கிறது குறிப்பேடு. கனத்த விமானம் மெதுவாக வேகம் கூட்டும், எழும்ப அதிக வேகமும் கேட்கும், மண்ணிலும் ஆழமாக அழுந்தும். ஒரு எடை மூன்று வழியில் தண்டிக்கிறது. இதைத் திருப்பிப் போட்டால், நம் விமானத்திலிருந்து 110 கிலோவை இறக்கினால் கார்த்திகை ஈர மண்ணின் 450 மீட்டர் 375-க்கு அருகில் வரும். 110 கிலோ என்பது ஒரு ஆளும் அவருடைய பெட்டிகளும். அவர் அம்பாத்துரையில் ரயில் ஏறலாம். மற்ற இருவரோடு விமானி மறுநாள் காலைவரை காத்திருக்கலாம்; இரவில் காற்று தணிந்து 5 கிலோமீட்டராகியிருந்தால், அதே ஈர மண்ணில், குறைந்த எடையோடு, மேற்கே இறக்கத்தில் அவருக்குத் தேவைப்படும் ஓட்டம் 300 மீட்டருக்குள் முடிந்துவிடும்.